கணினிக் கேள்விகளுக்கு அக்கா பதில்: ஒரே சேவை, பல மொழிகள்

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வருகின்றன. கடையிலோ அலுவலகத்திலோ ஏதோ ஒரு மொழியில் எழுதிய நிரல் இருக்கிறது. அது அரசாங்கத்தின் சேவையையோ, பங்காளி நிறுவனத்தின் சேவையையோ இணையம் வழியாக அழைக்க வேண்டும். ஒரு மொழியில் எழுதினால் ஓடுகிறது, இன்னொன்றில் எழுதினால் முரண்டு பிடிக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடைசி வரியில் "அப்படியானால் எந்த மொழி நல்லது அக்கா?" என்று சேர்த்திருந்தவர்களின் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டேன்.

கே: எங்களுடையது இரும்புச் சாமான் கடை. பில் போடும் புரோகிராம் விஷுவல் பேசிக் 6-இல் என் தம்பி வருஷக்கணக்கில் முன்னால் எழுதியது. மின் விலைப்பட்டியல் இப்போது எங்களுக்கும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பைத்தானில் திருப்பி எழுதினால்தான் மலேசிய வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் சேவையான மைஇன்வாய்ஸோடு பேசும் என்கிறார் மருமகன். உண்மையா?
— கடை உரிமையாளர், பிறை

ப: இல்லை ஐயா. வருமான வரி அலுவலகக் கவுன்டரில் இருப்பவர் படிவத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் பஸ்ஸில் வந்தீர்களா மோட்டாரில் வந்தீர்களா என்று கேட்கமாட்டார். மைஇன்வாய்ஸ் சர்வரும் அப்படித்தான். உங்கள் பக்கம் என்ன மொழி என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அது எதிர்பார்ப்பது இவ்வளவுதான். முதலில் உங்கள் அடையாள எண்ணையும் ரகசியச் சாவியையும் காட்டி ஒரு டோக்கன், அதாவது தற்காலிக நுழைவுச் சீட்டு, வாங்க வேண்டும். அது ஒரு மணி நேரம் செல்லும். அப்புறம் விலைப்பட்டியலை யூபிஎல் 2.1 என்ற பொது அமைப்பில், எக்ஸ்எம்எல், ஜேசான் என்ற இரண்டு தரவு வடிவங்களில் ஒன்றாக எழுதி, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷோடும் (பைட்டுகளின் கைரேகை மாதிரி) பேஸ்64 வடிவத்தோடும் (பைட்டுகளைச் சாதாரண எழுத்தாக மாற்றியது) அனுப்ப வேண்டும். சர்வர் உடனே 202 என்று பதில் தரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 202 என்றால் "வாங்கிக்கொண்டேன், பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதான், "சரி" என்பது அல்ல. கொஞ்சம் பொறுத்து, அது தந்த எண்ணைக் கொடுத்து மறுபடி கேட்டால்தான் பட்டியல் செல்லுமா செல்லாதா என்று தெரியும்.

விஷுவல் பேசிக் 6 இதைச் செய்யுமா என்றால், வற்புறுத்தினால் செய்யும். ஆனால் அது 1998-இல் வந்தது. ஜேசான் என்றால் அதற்கு என்னவென்று தெரியாது. பாதுகாப்பான இணைப்புக்கு அது விண்டோஸைத்தான் நம்பியிருக்கிறது. கடைக் கணினி இன்னும் விண்டோஸ் 7 என்றால், அது தானாக டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு நெறிமுறைக்குப் போகாது. பழைய 1.0, 1.1 இரண்டும் 2021-இலேயே அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றுவிட்டன. பல சர்வர்கள் அவற்றைக் கண்டால் வணக்கம்கூடச் சொல்லாமல் இணைப்பை அறுத்துவிடும். மின்கையொப்பம் போட வேண்டிய பதிப்பு என்றால் தலைவலி இன்னும் கூடும்.

அதனால் என் யோசனை: தம்பி எழுதியதைத் தொடாதீர்கள். அது எப்போதும்போல பில்லை டேட்டாபேஸில் எழுதட்டும். பக்கத்தில் ஒரு சின்ன நிரல், மருமகனுக்குப் பிடித்த பைத்தானிலேயே, அந்த பில்களை எடுத்து அனுப்பி, வந்த பதிலை அதே டேட்டாபேஸில் திரும்ப எழுதட்டும். மருமகனுக்கும் வேலை கிடைக்கும், தம்பியின் உழைப்பும் வீணாகாது. மாதத்துக்கு நாலைந்து பட்டியல்தான் என்றால் அதுகூட வேண்டாம். மைஇன்வாய்ஸ் போர்ட்டலில் கையால் தட்டிப் போட்டுவிடலாம்.

மருமகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். பட்டியலில் போகும் தேதியும் நேரமும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கு. நம் கடிகாரத்திலிருந்து எட்டு மணி நேரம் கழிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் கடை திறந்து பில் போட்டால், அனுப்பும் தேதி முந்தைய நாளாகத்தான் இருக்கும். நேரத்தைக் கழித்துவிட்டுத் தேதியை அப்படியே விட்டுவிட்டால், இன்னும் நடக்காத விற்பனைக்குப் பட்டியல் அனுப்பியதுபோல ஆகிவிடும்.

கே: அதே விலைப்பட்டியல், அதே சேவை. நண்பனின் பிஎச்பி நிரல் அனுப்பினால் ஏற்கிறது. என் பைத்தான் நிரல் அனுப்பினால் ஹாஷ் பொருந்தவில்லை என்று திரும்புகிறது. ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் பட்டியல்கள் போகின்றன. பொருளின் பெயர் தமிழில் இருந்தால் மட்டும் பிரச்சினை. சேவை தமிழை ஏற்காதா? நிரலை இணைத்திருக்கிறேன்.
— மென்பொருள் உருவாக்குநர், பிரிக்பீல்ட்ஸ்

ப: சேவை தமிழை ஏற்கிறது தம்பி. உங்கள் நண்பர் அனுப்பும் பட்டியலிலும் தமிழ்தானே இருக்கிறது?

உங்கள் நிரலில் ஜேசானாக மாற்றும் டம்ப்ஸ் இரண்டு இடத்தில் அழைக்கப்படுகிறது. ஹாஷ் கணக்கிடும் இடத்தில் 'என்ஷ்யூர் ஆஸ்கி' (எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்குள் அடக்கும் வசதி) வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேஸ்64-க்கு மாற்றும் இடத்தில் அதை எழுதவில்லை. பைத்தான், வேறு சொல்லாவிட்டால், ஆங்கிலம் அல்லாத எழுத்தையெல்லாம் பின்சாய்கோடும் 'யு'வும் நாலு இலக்கமுமாக மாற்றிவிடும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்ற வழக்கமான குறியாக்கத்தில் மூன்று பைட். அதுவே இப்படி மாற்றிய எஸ்கேப் வடிவத்தில் ஆறு பைட். மனிதக் கண்ணுக்கு இரண்டும் 'சுக்கு மல்லிக் காப்பி'தான், ஜேசான் படிக்கும் எந்த நிரலுக்கும் அப்படித்தான். ஹாஷுக்கு இரண்டும் வேறு வேறு பைட் வரிசை, அவ்வளவுதான். ஆங்கிலப் பட்டியலில் எஸ்கேப் செய்ய ஒன்றும் இல்லாததால் இரண்டு வடிவமும் தற்செயலாக ஒன்றாக இருந்திருக்கின்றன.

நண்பர் பிஎச்பி என்பதால் தப்பிக்கவில்லை. பிஎச்பியும் தமிழை எஸ்கேப் செய்யும். போதாததற்குச் சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டையும் செருகும். ஜாவாஸ்கிரிப்ட் தமிழைத் தொடாது. பைத்தான் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி விடும், ஜாவாஸ்கிரிப்ட் விடாது. ஆக ஒரே தரவுக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பைட் வரிசை தரும். எல்லாமே செல்லுபடியான ஜேசான்தான். நண்பர் ஜேசானை ஒரு தடவை உருவாக்கி ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியையே ஹாஷுக்கும் பேஸ்64-க்கும் கொடுத்திருப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு தடவை டம்ப்ஸ், ஒரு தடவை யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றம். அதற்கு மேல் அந்த பைட்டைத் திறக்கவே கூடாது.

உங்கள் நிரலில் இன்னொன்றையும் பார்த்தேன். பேஸ்64-க்கு 'என்கோட் பைட்ஸ்' பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது 76 எழுத்துக்கு ஒரு வரி முறிவு போடும். மின்னஞ்சல் காலத்துப் பழக்கம். 'பி64 என்கோட்' போடாது. ஜாவாவில் 'மைம்' என்று பெயருள்ள என்கோடரும் இப்படித்தான் வரியை முறிக்கும், சாதாரண என்கோடர் முறிக்காது. லினக்ஸ் கட்டளை வரியில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கும் அதே 76 காத்திருக்கிறது.

தமிழ் பெயர்களைக் கையாள்பவர்களுக்கு இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி உண்டு. 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து, அல்லது ஏகாரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்து. திரையில் வித்தியாசம் தெரியாது. 'கோபால்' என்று தேடினால் ஒருவர் கிடைப்பார், இன்னொருவர் கிடைக்கமாட்டார். உள்ளே வரும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எல்லா முக்கிய மொழிகளிலும் அதற்குச் செயல்கூறு இருக்கிறது.

கே: எங்கள் முகவர் அலுவலகத்துக்கு ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் விவரங்களை இணையச் சேவை வழியாகத் தருகிறது. அவர்கள் பக்கம் விண்டோஸில் டாட் நெட். நாங்கள் சி ஷார்ப்பில் எழுதிய நிரலில் பிறந்த தேதி சரியாக வருகிறது. ஜாவாவில் எழுதிய புதிய நிரலில் வயதானவர்களுக்கு மட்டும் ஒரு நாள் குறைவு, இளையவர்களுக்குச் சரி. வயதைப் பார்த்து ஜாவா தப்பு செய்யுமா?
— காப்புறுதி முகவர் அலுவலகம், செந்தூல்

ப: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். தேதி பிசகுகிற எல்லாரும் 1981-இலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். 1982 ஜனவரி 1-க்குப் பின் பிறந்த ஒருவருக்குக்கூடப் பிசகவில்லை.

அந்த நாளில் என்ன நடந்தது என்று உங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாகிக்கொண்டது. சிங்கப்பூரும் கூடவே வந்தது. அதுவரை நாம் யூடிசியைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம். அதற்குப் பின்னால்தான் எட்டு.

ஜாவா இந்த வரலாற்றைப் படித்திருக்கிறது. உலக நேர மண்டலங்களின் பழைய மாற்றங்களையெல்லாம் தொகுத்த தரவுத்தளம் அதனுள்ளே இருக்கிறது; கோலாலம்பூரின் ஏழரையும் அதில் உண்டு. விண்டோஸின் சொந்த நேரப் பட்டியலுக்கு அந்தக் கதை தெரியாது. அதற்கு நாம் எப்போதும் எட்டுதான். இப்போது கணக்குப் போடுங்கள். 1975 ஆகஸ்ட் 31 நள்ளிரவு 12 மணி என்று பிறந்த தேதி சேமிக்கப்பட்டிருக்கிறது. டாட் நெட் எட்டு மணி நேரத்தைக் கழித்து, ஆகஸ்ட் 30 மாலை 4 மணி யூடிசி என்று அனுப்புகிறது. உங்கள் சி ஷார்ப்பும் டாட் நெட் குடும்பம்தான், எட்டைக் கூட்டிச் சரியான நாளுக்கு வந்துவிடுகிறது. ஜாவா ஏழரையைக் கூட்டுகிறது. ஆகஸ்ட் 30 இரவு 11.30-இல் போய் நிற்கிறது. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் காட்டினால் ஒரு நாள் குறைவு.

இதில் வேடிக்கை, ஜாவாதான் வரலாற்றுப்படி சரி. ஆனால் சரியாக இருந்து என்ன பயன், உங்கள் வாடிக்கையாளருக்குப் பிறந்த நாள் வாழ்த்து ஒரு நாள் முன்னதாகப் போகிறதே.

"ஜாவாவிலும் எட்டைக் கூட்டிவிடலாமா?" என்று அடுத்து கேட்பீர்கள். அவசரத்துக்குச் செய்யுங்கள், ஆனால் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டியது வேறு. பிறந்த தேதிக்கு மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. அது 1975-08-31 என்ற வெறும் தேதி. மைகார்டு அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதியைக் காட்டும் முதல் ஆறு இலக்கம் எப்படி எந்த மண்டலமும் இல்லாமல் நிற்கிறதோ அப்படியே நிற்க வேண்டும். எக்ஸ்எம்எல்லில் 'டேட்' வகை தனியாக இருக்கிறது, 'டேட்டைம்' வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜாவாவில் அதை 'லோக்கல் டேட்'டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: நாங்கள் நடத்துவது வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் இருக்கும் நிரல் சி ஷார்ப், ஆர்டர் வாங்கும் இணையதளம் பிஎச்பி. இரண்டும் ஒரே சேவைக்குத்தான் கணக்கை அனுப்புகின்றன. 6 விழுக்காடு சேவை வரியில் சில பில்லுக்கு ஒரு காசு வித்தியாசம் வருகிறது. எல்லா பில்லுக்கும் இல்லை. கணக்காளர் திட்டுகிறார்.
— உணவக நிர்வாகி, ஜார்ஜ் டவுன்

ப: வித்தியாசம் வரும் பில்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். வரிக்கு முந்தைய தொகை எல்லாமே 75 காசில் முடியும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

12 வெள்ளி (ரிங்கிட்) 75 காசுக்கு 6 விழுக்காடு என்றால் 76.5 காசு. பாதிக் காசை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்பதில் மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை. பிஎச்பி பள்ளிக்கூட வழக்கப்படி மேலே தள்ளும்: 77. சி ஷார்ப்பின் ரவுண்ட், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்: 76. பைத்தானும் அந்தக் கட்சி. 25 காசில் முடியும் தொகையிலும் பாதிக் காசு வரும், ஆனால் 12.25-க்கு 73.5, அங்கே மேலே போனாலும் 74, இரட்டைப்படைக்குப் போனாலும் 74. அதனால் சண்டை வெளியே தெரியவில்லை. வேறு எந்தக் காசில் முடிந்தாலும் 6 விழுக்காட்டில் பாதிக் காசே விழாது. 8 விழுக்காடு வரி போடும் தொழில்களில் இந்தத் தொல்லையே இல்லை. காசுக் கணக்கில் முழு எண்ணான எந்தத் தொகைக்கும் 8 விழுக்காடு பாதிக் காசில் போய் நிற்காது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், எனக்குப் பிடித்த கணக்கு இது.

சி ஷார்ப்பில் ரவுண்ட் எழுதும் இடத்தில் 'அவே ஃப்ரம் ஜீரோ' என்று சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். அதைவிட நல்லது, வரியை இரண்டு க்ளையன்டும் (சேவையை அழைக்கும் நிரலும்) கணக்கிடாமல் சேவை ஒன்றே கணக்கிட்டுத் திருப்பித் தருவது. ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை 5 காசுக்குச் சரிக்கட்டும் வழக்கம் 2008-இலிருந்து இருக்கிறதே, அது வேறு. அதை வரியோடு கலக்காமல் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள், கணக்காளர் அமைதியாகிவிடுவார்.

கே: எங்கள் அஞ்சல் குறியீடு 09000. எக்செல்லில் இருந்து ஏற்றி, சேவை வழியாக அனுப்பினால் மறுமுனையில் 9000 ஆகிவிடுகிறது. பினாங்குக் கிளைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.
— கிடங்கு மேற்பார்வையாளர், கூலிம்

ப: பினாங்குக் குறியீடுகள் ஒன்றில் தொடங்குகின்றன, கெடாவும் பெர்லிசும் சுழியத்தில். பாவம், பினாங்கிலும் கே.எல்.லிலும் உட்கார்ந்து சோதிப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. அஞ்சல் குறியீடு, ஐசி (அடையாள அட்டை) எண், தொலைபேசி எண் எதையும் எண்ணாக அனுப்பக்கூடாது. மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்புங்கள். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐசியும் சுழியத்தில்தான் தொடங்குகிறது. 2000-இலேயே பிறந்தவர்களுக்கு இரண்டு சுழியமாவது போய்விடும்.

கே: பங்காளி நிறுவனம் ஒன்று இன்னும் எக்ஸ்எம்எல்லில் பேசும் பழைய சோப் முறைச் சேவைதான் தருகிறது. எங்களிடம் ஜாவா, பிஎச்பி, டாட் நெட் மூன்றும் உண்டு. மூன்றிலும் வெவ்வேறு பிரச்சினை. புதிதாக வந்த பையன்கள் சிரிக்கிறார்கள். புதிய ரெஸ்ட் முறைக்கு மாறச் சொல்லி அவர்களை நெருக்கலாமா?
— சரக்கு நிறுவன கணினிப் பிரிவு, கிள்ளான்

ப: நெருக்கிப் பாருங்கள், கப்பல் அதுவரை காத்திருக்காது.

சிரிக்கும் பையன்களுக்கு ஒன்று. சோப் 1998-இல் முளைத்து, 2000-இல் 1.1 பதிப்பாக வெளிவந்ததே வேறு வேறு மொழிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குத்தான். சேவையின் முழு விவரமும் டபிள்யூஎஸ்டிஎல் என்ற ஒரே கோப்பில் இருக்கும். அதை விழுங்கிவிட்டு ஜாவாவும் சி ஷார்ப்பும் தாமே க்ளையன்ட் நிரலை எழுதித் தரும். ரெஸ்ட் உலகம் ஓப்பன்ஏபிஐ என்ற பெயரில் அதே வசதிக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. ஆரம்ப காலத்தில் சோப்பும் சண்டைக்காரப் பிள்ளைதான். ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தரவை ஒவ்வொரு விதமாக எக்ஸ்எம்எல்லாக்கியது. அந்தச் சண்டையைத் தீர்க்கவே நிறுவனங்கள் 2002-இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கி, 2004-இல் ஒரு பொது வரையறை வெளியிட்டு, 'என்கோடட்' முறையை விலக்கின. உங்கள் பங்காளியின் டபிள்யூஎஸ்டிஎல்லைத் திறந்து 'யூஸ்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'லிட்டரல்' என்றால் நிம்மதி. 'என்கோடட்' என்றால், பைத்தானிலும் புதிய ஜாவாவிலும் பாதி நூலகங்கள் கையை விரித்துவிடும்.

உங்கள் மூன்று பிரச்சினைக்கு வருகிறேன். பிஎச்பியில் ஒரே ஒரு கொள்கலன் இருக்கும் நாளில் நிரல் உடைகிறது, இரண்டு மூன்று இருந்தால் ஓடுகிறது என்கிறீர்கள். பிஎச்பியின் சோப் க்ளையன்ட் பல வந்தால் பட்டியலாகத் தரும், ஒன்றே வந்தால் பட்டியல் இல்லாமல் அந்தப் பொருளை மட்டும் தூக்கிக் கொடுக்கும். க்ளையன்டை உருவாக்கும்போது 'சிங்கிள் எலிமென்ட் அரேஸ்' என்ற வசதியைப் போட்டால் ஒன்றையும் பட்டியலாகவே தரும். அங்கேயே இன்னொன்று: பிஎச்பி டபிள்யூஎஸ்டிஎல்லை 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் முழுக்கப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பங்காளி நேற்று மாற்றியது இன்றைக்கும் தெரியவில்லை என்றால் அதுதான் காரணம்.

டாட் நெட்டில் எடையை நிரப்புகிறீர்கள், ஆனால் அனுப்பும் எக்ஸ்எம்எல்லில் எடையே இல்லை. விருப்பப் புலமாக இருக்கும் எண்ணுக்கும் தேதிக்கும் கருவி கூடவே 'ஸ்பெசிஃபைட்' என்று முடியும் இன்னொரு புலத்தை உருவாக்கியிருக்கும். அதை உண்மை என்று வைத்தால்தான் எடை வெளியே போகும். இதைத் தானாகக் கண்டுபிடிப்பவர் யாரும் இல்லை. யாராவது சொன்னால்தான் தெரியும், நான் சொல்லிவிட்டேன்.

ஜாவாவில் க்ளையன்ட் நிரலை எழுதித் தரும் 'டபிள்யூஎஸ்இம்போர்ட்' காணோம் என்பது, நீங்கள் ஜாவா 8-இலிருந்து மேலே வந்ததால். 2018-இல் வந்த ஜாவா 11-இல் அதை எடுத்துவிட்டார்கள். அப்பாச்சி சிஎக்ஸ்எஃப்பில் அதே வேலைக்குக் கருவி இருக்கிறது.

எந்த மொழியானாலும் சர்வர் 415, அதாவது 'இந்த உள்ளடக்க வகையை ஏற்கமாட்டேன்' என்று துப்பினால், பெரும்பாலும் சோப் பதிப்புக் குழப்பம். 1.1-க்கு உள்ளடக்க வகை டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், கூடவே சோப்ஆக்‌ஷன் ஹெடர். 1.2-க்கு அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல். சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில் ஒரு தடவை ஓடவைத்து, அது அனுப்பிய எக்ஸ்எம்எல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்து வையுங்கள். அப்புறம் மூன்று நிரலும் அனுப்புவதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை எந்த நிரலில் என்பதை அதற்குப் பின்னால் யோசித்தால் போதும்.

கே: தேர்வுத் திட்டத்துக்காக ரேபிட் பினாங்கு பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் செயலி செய்கிறேன். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்து முகவரியைத் திறந்தால் ஜேசான் வரவில்லை, கிறுக்கல் வருகிறது. சாவி ஏதாவது வேண்டுமா?
— கல்லூரி மாணவி, பாயான் லெப்பாஸ்

ப: சாவி வேண்டாம்மா, அது கிறுக்கலும் இல்லை. பஸ் இருப்பிடத்தை ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவத்தில் தருகிறார்கள்; அது புரோட்டோபஃப் என்ற சுருக்கமான பைட் வடிவம். கூகிள் 2008-இல் வெளியே கொடுத்தது. ஜேசானைப் போலப் புலத்தின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதும்: ஒன்றாம் எண் அட்சரேகை, இரண்டாம் எண் தீர்க்கரேகை என்று. எந்த எண் எது என்பது '.புரோட்டோ' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு பைத்தான், ஜாவா, கோ, சி ஷார்ப் எதற்கு வேண்டுமானாலும் படிக்கும் நிரலை உருவாக்கிக்கொள்ளலாம். பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடுக்கும் ஜிடிஎஃப்எஸ் நூலகம் தயாராகவே கிடைக்கிறது, நீங்கள் உருவாக்கக்கூட வேண்டாம்.

அட்சரேகை 5.4141-க்குப் பின்னால் நீளமாக இலக்கங்கள் வந்தால் துல்லியம் என்று மகிழாதீர்கள். அது 32 பிட் எண். ஏழு இலக்கத்துக்கு மேல் நம்பக்கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் நேரமுத்திரை எண்ணாக வராமல் ஒரு பொருளாக வரும். அது 64 பிட் எண், ஜாவாஸ்கிரிப்ட்டோ 9,007,199,254,740,991-க்கு மேல் ஒவ்வொன்றாக எண்ணத் தெரியாதது. அதனால் நூலகம் முன்ஜாக்கிரதையாக இருக்கிறது. எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள், நேரமுத்திரை அவ்வளவு பெரிதாகாது.

கொம்தார் பக்கம் பஸ் நின்ற இடத்திலேயே நிற்பதாகக் காட்டினால் நிரலைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது உண்மை.

கே: மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நாணய மாற்று விகிதச் சேவை என் பைத்தானில் ஓடுகிறது, தம்பியின் ஜாவாஸ்கிரிப்டில் பிழை தருகிறது. இன்னொன்று, ஒரு இந்திய ரூபாய் நாலு வெள்ளிக்கு மேல் என்று காட்டுகிறது! சாவி எல்லாம் கீழே ஒட்டியிருக்கிறேன், நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.
— வாசகர், சுங்கைப் பட்டாணி

ப: உங்கள் பைத்தானில் 'அக்செப்ட்' ஹெடர், அதாவது பதில் எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொல்லும் தலைப்பு வரி, இருக்கிறது, தம்பியினுடையதில் இல்லை. பேங்க் நெகாரா தனக்கென ஒரு வகைப் பெயரும் பதிப்பு எண்ணும் வைத்திருக்கிறது. ஆவணப் பக்கத்திலிருந்து அதை அப்படியே நகலெடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ரூபாய்க்கு, விகிதத்துக்குப் பக்கத்தில் 'யூனிட்' என்று ஒரு புலம் வருகிறதே, அதைப் படியுங்கள். ரூபாய்க்கு அது 100. டாலருக்கும் பவுண்டுக்கும் 1 என்பதால் சோதிக்கும்போது கண்ணில் படவில்லை. விகிதத்தை யூனிட்டால் வகுத்துவிட்டு, அப்புறம் ஊருக்குப் பணம் அனுப்பும் கணக்கைப் போடுங்கள்.

பேங்க் நெகாரா சேவைக்குச் சாவியே கிடையாது. நீங்கள் ஒட்டி அனுப்பியது உங்கள் கம்பெனியின் மைஇன்வாய்ஸ் ரகசியச் சாவி. நான் ஓட்டிப் பார்க்கவில்லை, கடிதத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டேன். ஆனால் மின்னஞ்சல் என் மேசைக்கு வருவதற்குள் எத்தனை பேர் திறந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதைப் படித்தவுடன் போர்ட்டலுக்குப் போய்ப் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுங்கள். அதை நிரலுக்குள் எழுதாமல் தனியே வையுங்கள், எனக்கும் அனுப்பாதீர்கள்.